நாற்பத்தொன்பதாம் எண் சூளையின் தோமே

இமாரித் துறைமுகத்திலிருந்து வந்த வியாபாரியின் முன்பற்கள் இரண்டைத் தோமே உடைத்தபோது, அதில் ஒன்று என் மெருகுத் தொட்டிக்குள் வந்து விழுந்தது. ஒருதடவை சுட்டெடுத்த தட்டுகளை நான் அப்போது மெருகுக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தேன். கையை விட்டுத் துழாவிப் பல்லை எடுத்து, கழுவி, காகிதத்தில் மடித்து அந்த ஆளிடமே கொடுத்தேன். வேறென்ன செய்வது?

சண்டை ஒரு தாமரை இலைக்காக. தோமே எங்கள் சூளையில் அச்சு செய்கிறவள். குளத்திலிருந்து இலையைப் பறித்து வந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு நரம்பு நரம்பாக அச்சில் செதுக்குவாள். அந்த வருஷம் அவள் செய்த தாமரை இலைத் தட்டுக்கு ஒரு ஓரம் சுருண்டிருக்கும், நடுவுக்குப் பக்கத்தில் பூச்சி அரித்த ஒரு சின்ன ஓட்டை இருக்கும். வியாபாரி அதை வாங்கிக்கொண்டு போய், அடுத்த பள்ளத்தாக்கில் ஒருவனிடம் கொடுத்து அப்படியே நகல் எடுக்க வைத்துவிட்டான். அந்த நகலைக் கொண்டுவந்து எங்களிடமே காட்டினான்.

"பாத்தியா, அங்கே இன்னும் மெல்லிசா அடிக்கிறாங்க" என்றான்.

"பூச்சி அரிச்ச ஓட்டைகூட அதே இடத்துல இருக்கே" என்றாள் தோமே.

"இலைன்னா பூச்சி அரிக்கத்தான் செய்யும். இலை என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

மண்தகட்டை அச்சின்மேல் தட்டிப் படியவைக்கிற கட்டை அவள் கையில் இருந்தது. ஓங்கியதை நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன்.

மன்னிப்புக் கேட்க அவள் போகவில்லை. அவள் புருஷன் இசாகு போனான். சக்கரத்தில் உட்கார்ந்து கிண்ணம் வனைகிறவன், யாரிடமும் குரல் உயர்த்தாதவன். இமாரிக்கு நடந்தே போய், வியாபாரியின் வாசலில் மண்டி போட்டுத் தலையைத் தரையில் முட்டி எழுந்து, மறுநாள் வேலைக்கு வந்துவிட்டான். தோமே உலகத்தில் கை வைக்காத ஒரே ஆள் அவன்தான்.

தோமே என்றால் 'போதும்' என்று அர்த்தம். ஐந்தாவது பெண் என்று அப்பா வைத்த பெயர். அவர் சூளைக்கு விறகு அடுக்குகிறவர். கையில் எது கிடைத்தாலும் அதால் பிள்ளைகளை அடிப்பார். நான்கு அக்காக்களும் வாங்கிக்கொண்டே வளர்ந்து, கல்யாணம் ஆகிப் போய்ச்சேர்ந்தார்கள். தோமேக்குப் பதினாறு வயதானபோது, ஒருநாள் ஓங்கிய விறகுக்கட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி, அவர் முழங்காலிலேயே போட்டாள். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை நொண்டினார், யாரையும் அடிக்கவில்லை. இதை அவளே என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

போர் வந்தது. இசாகுவைப் பட்டாளத்தில் எடுத்தார்கள். பிலிப்பைன்ஸ் போகிற வழியில் கப்பலோடு மூழ்கிப்போனான். வெள்ளைத்துணி சுற்றிய ஒரு அஸ்திப் பெட்டி வந்தது. அதில் எலும்பு இல்லை, அவன் பெயர் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. தோமே பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு அச்சறைக்குத் திரும்பினாள். அன்றைக்கு அவள் செதுக்கிய சிப்பித் தட்டு அச்சை அவளே சம்மட்டியால் உடைத்துப்போட்டாள்.

போர் முடிவதற்கு முந்தின வருஷம் எங்கள் சூளைக்கு ராணுவ வேலை வந்தது. நாட்டில் இரும்பு தீர்ந்துவிட்டது, அதனால் கையெறி குண்டின் கூட்டைப் பீங்கானில் செய்து தர வேண்டும். இலையும் பூவும் சிப்பியும் அன்றோடு நின்றன. எங்கள் சூளைக்கு ராணுவம் கொடுத்த எண் நாற்பத்தொன்பது. ஒவ்வொரு கூட்டின் அடியிலும் அந்த எண்ணைக் குத்த வேண்டும். கூட்டை இங்கே சுட்டு அனுப்பினால், மருந்தை வேறெங்கோ அடைப்பார்கள்.

மேற்பார்வைக்கு ஹொத்தா என்று ஒரு சார்ஜெண்ட் வந்து தங்கினான். கையில் எப்போதும் ஒரு மூங்கில் வாள். ராணுவம் கொடுத்த வரைபடத்தில் உருண்டையும் கழுத்தும் சேருகிற இடம் கூர்மையான மூலையாக இருந்தது. சூளையிலிருந்து எடுத்தால் பத்தில் நான்கு கூடு அந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கும். ஹொத்தா விரிசல் விட்ட கூடுகளை முற்றத்தில் வரிசையாக வைத்துவிட்டு, முதலாளி இவநாகாவைக் கூப்பிட்டான். முதலாளிக்கு அப்போதே வயிற்றுப் புண். நிற்கும்போதே வளைந்துதான் நிற்பார்.

"இது என்னய்யா?"

"விரிசல் விட்டிருக்குங்க."

"விரிசலா, துரோகமா?"

முதல் அடி தோளில். இரண்டாவது கழுத்தில். முதலாளி கீழே விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. விரிசல் விட்ட ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு அடி என்று எண்ணிக்கொண்டே அடித்தான். நாங்கள் இருபது பேர் தலையைக் குனிந்து நின்றோம். பதினேழாவது அடிக்கு மூங்கில் வாள் கீழே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அதன் நுனியைத் தோமே பிடித்திருந்தாள்.

"அச்சு செய்யிறது நான். அவரை ஏன் அடிக்கிற?"

ஹொத்தா வாளை விட்டுவிட்டான். விட்டுவிட்டு முஷ்டியால் அவள் இடது காதில் குத்தினான். அவள் விழுந்தாள். அவள் எழுந்திருக்க எழுந்திருக்க பூட்ஸ் காலால் உதைத்தான். காதிலிருந்து ரத்தம் வழிந்து காலரில் இறங்கியது. நான்கு தடவை எழுந்தாள், ஐந்தாம் தடவை முடியவில்லை. அந்தக் காது அப்புறம் கேட்கவே இல்லை.

"பத்து நாள். விரிசல் இல்லாத கூடு வேணும். இல்லேன்னா இந்தாள மறுபடி அடிப்பேன், சாகுறவரைக்கும்" என்று முதலாளியைக் காட்டினான்.

நான்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"யக்கா, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றேன்.

"அடியே கினு, அந்த மூலைதான் தப்பு" என்றாள். அவள் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தாள். "மண்ணு காயும்போது அங்கதான் இழுக்கும். எந்தக் காயிலயாவது மூலை பாத்திருக்கியா நீ?"

போருக்கு முன்னால் அவள் சுரைக்குடுக்கை வடிவில் மது ஊற்றுகிற குப்பிகள் செய்திருக்கிறாள். அந்தச் சுரையின் தோள் கழுத்துக்கு ஏறுகிற சரிவை அப்படியே குண்டின் அச்சில் வைத்தாள். எட்டாவது நாள் கூடுகள் சூளையிலிருந்து வந்தன. முந்நூறில் ஒன்றுகூட விரிசல் இல்லை.

ஹொத்தா மருந்து அடைத்த குண்டுகள் சிலவற்றை வரவழைத்து ஆற்றுமணலில் சோதித்துக் காட்டினான். எங்கள் எல்லோரையும் கரையில் நிற்கவைத்தார்கள். மணலில் ஒரு முளை அடித்து, தெருநாய் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அது எங்களைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. ஹொத்தா குண்டின் தலையைத் தேய்த்துப் பற்றவைத்து எறிந்தான். புகை போன பிறகு முளையில் கயிறு மட்டும் தொங்கியது. நாய் கொஞ்ச தூரம் தள்ளிக் கிடந்தது, இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பீங்கான் சில்லுகள் எங்கள் காலடிவரை தெறித்திருந்தன.

தோமே குனிந்து கழுத்துப் பக்கத்துச் சில்லு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "கழுத்து நின்னுச்சு பாத்தியா" என்றாள் என்னிடம். அவள் முகத்தில் இருந்தது பெருமைதான். நான் சத்தியமாகச் சொல்வேன்.

அதன் பிறகு அடுத்த கோடைவரை நாங்கள் வேறெதுவும் செய்யவில்லை. எத்தனை ஆயிரம் போயிற்றோ தெரியாது. போர் முடிந்ததும் ஹொத்தா ஒரு காலையில் காணாமல் போனான். மிஞ்சிய கூடுகள் ஆயிரத்துக்கு மேல் சூளைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் கிடந்தன. முதலாளி கதவைச் சாத்திப் பூட்டினார். நாங்கள் இலைக்கும் சிப்பிக்கும் திரும்பினோம்.

ஆறு வருஷம் கழித்து, இலையுதிர் காலத்தில், ஒரு மத்தியான நேரம் கியான் என்று ஒருவன் வந்தான்.

இருபத்தைந்து வயது இருக்கும். சாசெபோ கப்பல்துறையில் வேலை செய்கிறவன் என்று உடுப்பே சொன்னது. பேச்சில் தெற்கே ஓகினாவாத் தீவின் வாடை அடித்தது. வாசலில் நின்று, "நாற்பத்தொன்பது இதுதானா?" என்று கேட்டான்.

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்படி எதுவும் இங்க இல்லப்பா. இது தட்டு செய்யிற இடம்."

"மூணு ஊரு அலைஞ்சுட்டு வர்றேன். எல்லாரும் இங்கதான் கைகாட்டுறாங்க. நாற்பத்தொன்பது இதுதானா, இல்லையா?"

"இல்லன்னு சொல்றேன்ல, போப்பா."

சூளை கிளறுகிற இரும்புக்கம்பி சுவரில் சாத்தியிருந்தது. கியான் அதை எடுத்தான். முற்றத்தில் பலகை பலகையாகச் சேப்பங்கிழங்கு இலைத் தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. முதல் வீச்சில் ஒரு பலகை போயிற்று. சுடாத மண் உடைந்தால் சத்தம்கூடப் பெரிதாக வராது, பொத்தென்று போகும். அடுத்தது சுட்டு வைத்த அடுக்குகள். அவை கத்தின. சாமந்திக் கிண்ணங்கள், மூங்கில் கணு வடிவக் கோப்பைகள், ஒரு மாத வேலை முழுக்க அவன் காலடியில் நொறுங்கியது. தடுக்கப் போன முதலாளிக்குத் தோளில் ஒரு அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

தோமேயின் காதில் இது தாமதமாகத்தான் விழுந்தது. அச்சறையிலிருந்து வந்தவள் தட்டுக்கட்டையோடு வந்தாள். எதுவும் கேட்கவில்லை. அவன் மணிக்கட்டில் முதல் அடி. கம்பி விழுந்தது, கையும் தொங்கிப்போயிற்று. அடுத்தது நெற்றியில். மல்லாந்து விழுந்தவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, கட்டையை எறிந்துவிட்டுக் கையாலேயே அடித்தாள். உடைந்த தட்டுகளின் சில்லுகள் அவன் முதுகில் குத்திக்கொண்டிருந்தன. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் அவளைப் பிரிக்க முடியவில்லை.

"யக்கா, செத்துருவான்! விடுக்கா!"

"சாகட்டும்! என் இலையை மிதிக்கிறான்!"

அவளை ஒருவழியாக இழுத்துப் போட்டபோது, கியானின் சட்டைப்பையிலிருந்து ஒரு துணிமுடிச்சு வெளியே வந்து விழுந்து அவிழ்ந்தது. உள்ளே நான்கு பீங்கான் சில்லுகள். ஒன்றில் எண் இருந்தது. இன்னொன்று தோளிலிருந்து கழுத்துக்கு ஏறுகிற துண்டு.

தோமே அந்தத் துண்டை எடுத்தாள். கட்டைவிரலை அந்தச் சரிவில் வைத்து ஒருதடவை தடவினாள். வேறு எந்தச் சூளையின் குண்டுக்கும் அந்தச் சரிவு கிடையாது. எண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை.

"இது உனக்கு எங்க கெடச்சுது?" என்றாள்.

கியான் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். "என் தங்கச்சி வயித்துல."

அவன் கிடந்தபடியே சொன்னான்.

"குடும்பத்துக்கு ஒண்ணுன்னு பட்டாளத்துக்காரங்க குடுத்தாங்க. எதிரி வந்தா கையில சிக்கக் கூடாதுன்னு. அப்பாதான் அதைப் பத்தவச்சாரு. குகைக்குள்ள. நான் வெளிய பட்டாளத்துக்குப் பெட்டி சுமந்துட்டு இருந்தேன், நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்பாவும் அம்மாவும் உடனே போயிட்டாங்க. அவ போகல. மூணு நாளு. தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தா. என்னால ஒண்ணும் பண்ண முடியல. விரலை விட்டு இதை மட்டும் எடுத்தேன்."

"வயசு?" என்றாள் தோமே.

"ஒம்போது."

யாரோ சொல்லி அனுப்ப, போலீஸ்காரர் சைக்கிளில் வந்துவிட்டார். முற்றத்தைப் பார்த்தார், முதலாளியின் தோளைப் பார்த்தார், கியானைப் பார்த்தார். "யாரு பண்ணினது?"

"அலமாரி சரிஞ்சிருச்சு" என்றாள் தோமே.

"இவன் மூஞ்சியிலயும் அலமாரிதான் விழுந்துச்சா?"

"ஆமா."

முதலாளி வாயைத் திறந்தார். தோமே அவரைப் பார்த்தாள். "அலமாரிதாங்க" என்று அவரும் முனகினார். மூங்கில் வாளைப் பிடித்த கையை அவர் மறந்திருக்க மாட்டார்.

வைத்தியர் வீட்டுக்கு இரண்டு பேரையும் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். முதலாளியை உள்ளே படுக்கவைத்தார்கள். கியானின் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டு வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தோமே அவன் எதிரில் போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன், மறுபடி அடித்துவிடுவாளோ என்ற பயத்தில்.

"அந்த அச்சை நான்தான் செஞ்சேன்" என்றாள்.

கியான் நிமிர்ந்து பார்த்தான்.

"முன்ன செஞ்சதெல்லாம் உடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான்தான் உடையாத மாதிரி செஞ்சேன். அது உனக்குத் தெரியணும்."

அவன் எழுந்து, அடிபடாத கையால் அவள் கன்னத்தில் அறைந்தான். கேட்காத காதுப் பக்கம். அவள் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் வலது கை மேலே போனதை நான் பார்த்தேன், பழக்கதோஷம். தோள் உயரம்வரை போய், அங்கேயே நின்று, இறங்கிவிட்டது. அவன் இன்னொன்று அறைந்தான். மூன்றாவதுக்கு அவனுக்குத் தெம்பு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"கொல்லணும்னுதான் வந்தேன். ஆளு யாருன்னு தெரியாமலே வந்தேன்" என்றான்.

"தெரிஞ்சிருச்சுல்ல? கை சரியானதும் வா."

அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கியான் ஆறு வாரம் கழித்து, கட்டு அவிழ்த்த கையோடு, நிஜமாகவே வந்தான். நாங்கள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினோம். தோமே இரண்டு சம்மட்டிகளோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். கியான் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பின்னாடி வா" என்றாள் அவள்.

கொட்டகைப் பூட்டை அவளே உடைத்தாள். முதலாளி தோளில் கட்டோடு ஓடிவந்தார். அந்தக் கூடுகளுக்கு மெருகு பூசி, பூ வைக்கிற குப்பியாக விற்கலாம் என்று ஒரு யோசனை அவருக்கு இருந்தது.

"தோமே, அது சூளைச் சொத்து!"

"கிட்ட வராதீங்க முதலாளி. இன்னைக்கு என் கை எங்க விழும்னு எனக்கே தெரியாது."

இரண்டு நாள் உடைத்தார்கள். ஒவ்வொன்றாக, தரையில் வைத்து. நன்றாகச் சுட்ட பீங்கான், லேசில் உடையாது, உடைந்தால் கத்தி மாதிரித் தெறிக்கும். முதல் நாளே கியானின் புருவம் கிழிந்தது. தோமேயின் முன்கை இரண்டும் ரத்தக்கோடு. துணி சுற்றிக்கொள்ளச் சொன்னேன், இரண்டு பேரும் கேட்கவில்லை. பேசவும் இல்லை. ஒருதடவை மட்டும் அவன் ஒரு கூட்டை அடித்து, அது உடையாமல் எகிறி உருண்டபோது, "நல்லாத்தான் செஞ்சிருக்க, நாசமாப் போனவளே" என்றான். அவள் அதை எடுத்து வைத்து இன்னொருதடவை அடித்தாள்.

முடிந்ததும் அவன் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு சாசெபோவுக்குப் போய்விட்டான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அடங்கிவிட்டாள் என்று சொன்னால் பொய். இரண்டு வருஷம் கழித்து, மருமகளை முடியைப் பிடித்து இழுத்த எங்கள் பக்கத்துவீட்டுக்காரனை ஓடையில் தள்ளி, தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தாள். நாங்கள் போய்த்தான் எடுத்தோம். வேலையும் வழக்கம்போலச் செய்தாள். இலை, சிப்பி, சுரைக்குப்பி எல்லாம். சூளை கேட்டதைச் செய்தாள்.

போரில் பிடித்த ஓகினாவாவை அமெரிக்காக்காரர்கள் இருபத்தேழு வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது அவளுக்கு அறுபத்தொன்று. சாசெபோ துறைமுகத்தில் விசாரித்து, ஊருக்கே திரும்பிவிட்ட கியானின் இடத்தைத் தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டாள். பத்து நாள் கழித்துத் திரும்பினாள். கறுத்துப்போயிருந்தாள்.

"அவன பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டான்."

"அப்புறம்?"

"வாசல்லயே உக்காந்திருந்தேன். சாயங்காலமா அவன் பொண்டாட்டி தட்டுல சாப்பாடு கொண்டாந்து வச்சா. பாகற்காயும் முட்டையும். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. அவன் சொல்லித்தான் குடுக்குறியான்னு கேட்டேன். ஆமான்னு தலைய ஆட்டினா. மறுநாள் குகைய அவதான் காட்டினா. அவன் வரல."

அவ்வளவுதான் சொன்னாள். துண்டில் சுற்றி ஒரு பாகற்காய் கொண்டுவந்திருந்தாள். கப்பலிலும் ரயிலிலும் அது பழுத்து மஞ்சளாகி, வெடித்து, உள்ளே சிவப்பு விதை தெரிந்தது. அதைப் பார்த்து ஒரு நீள்தட்டுக்கு அச்சு செய்யத் தொடங்கினாள். முதலில் நாலைந்து தடவை தோற்றாள். அந்த முள்ளுமுள்ளான மேடுகளில் மண் சிக்கிக்கொண்டு அச்சிலிருந்து கழல மறுத்தது. அதற்குள் முதலாளி போய்ச் சேர்ந்து, சூளை அவர் மகன் கைக்கு வந்திருந்தது. அவன் வந்து பார்த்துவிட்டு, "அந்த முள்ளை எல்லாம் கொஞ்சம் தேச்சு வழவழன்னு ஆக்கிருங்கத்தே, யாரு வாங்குவா இதை?" என்று அச்சைத் தொட விரலை நீட்டினான்.

தோமே தட்டுக்கட்டையால் விரலிலேயே ஒன்று போட்டாள். அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினான். அவள் அச்சைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த முள்ளைச் செதுக்கத் தொடங்கினாள்.